தொள்ளாயிரம் கொம்பின் எட்டாவது பாட்டு

பூச்சிமருந்துக் கடைக் கர்ணனை நான் நடுரோட்டில் செருப்பால் அடித்ததாகத் தேவாரம் முதல் கோம்பை வரை பேசிக்கொள்கிறார்கள். அது பொய். செருப்பைக் கழற்றியது உண்மை. பங்குனி மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணி, தார் ரோடு. கழற்றிய காலைக் கீழே வைத்ததும் உள்ளங்கால் வெந்துவிட்டது. உடனே திரும்ப மாட்டிக்கொண்டேன். ஆக, அவனை யாரும் அடிக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆத்திரம் அதில்தான்.

என் பெயர் பங்கிராஸ். வயது எழுபத்து நாலு. பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல், ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு மோட்டார் ரூம். அந்த ரூமுக்குள்தான் மூன்று வருடமாக ஒரு ஹெவி மெட்டல் ஆல்பம் தயாரானது.

ஹெவி மெட்டல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரைஸ் மில்லுக்குள் ஒரு போர் மூண்டு, அந்தப் போரில் நியாயம் ஜெயித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதிலும் இவர்கள் வாசிப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய பாணி. வாள், மலை, படை, சத்தியம் என்று ஆல்பம் முழுக்க ஒரே காவியமாக ஓடும். அத்தனை மெட்டுப் பிறந்த பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படியா பாடுவது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

பாடுகிறவள் ஜெஸ்லின். என் சித்தப்பா மகன் பிரான்சிசின் மகள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே அவள் குரல் அப்படி ஆனது. கிடார் வாசிப்பவன் அஜய்குமார், காற்றாலை மெக்கானிக். டிரம்ஸ் அடிப்பவன் விஜய்பாண்டி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர். முதல் நாள் விஜய்பாண்டி டிரம்ஸில் கை வைத்தபோது கிணற்றுத் தண்ணீர் இரண்டடி ஏறியது. கயிறு விட்டு அளந்தேன். அவன் நிறுத்தியதும் இறங்கிவிட்டது. மூன்று வருடமும் அந்த நேரம் பார்த்துத்தான் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். பொட்டிப்புரம் மலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்க ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, ஜெஸ்லின் உச்சத்தில் பிடிக்கிற சுருதிக்கு அந்தத் துகள் தானே வெளியே வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று அஜய்குமாரிடம் சொன்னேன். அவன் அதை எழுதி வைத்துக்கொண்டான்.

ஆல்பத்தின் பெயர் 'தொள்ளாயிரம் கொம்பு'. கதை நான் சொன்னது. ராக்கம்மாள் என்று மலைமாடு மேய்க்கிற ஒருத்தி. கணவாய் வழியாக ஒரு படை ஏறி வருகிறது. மாட்டுக் கூட்டத்தை ஏவிவிட்டு அவள் அந்தப் படையை மறிக்கிறாள். படைக்கு மலைவழியைக் காட்டிக்கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். என் பாட்டன் நேரில் பார்த்த கதை என்று சொல்லித்தான் கொடுத்தேன். பாட்டனுக்குக் கண் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொள்ளாயிரம் கொம்பு என்றால் கணக்குப்படி நானூற்றைம்பது மாடுதானே என்று மட்டும் விஜய்பாண்டி கேட்டான். காவியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அவன் வாயை அடைத்தோம்.

மொத்தம் ஏழு பாட்டு. முதல் பாட்டுக்கு முன்னால், ஒரு நிமிடம் நாற்பது விநாடி, ஒரு கிழவன் கதையைத் தொடங்கி வைப்பான். இந்த வகை ஆல்பத்துக்கு அது ஒரு மரபாம். அந்தக் கிழவன் நான்.

கிரேக்க நாட்டில் ஒரு சின்ன கம்பெனி, இந்த வகைப் பாட்டுக்கென்றே இசைத்தட்டு போடுகிறவர்கள், ஜெஸ்லின் அனுப்பிய இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு முழு ஆல்பத்தையும் வெளியிடுகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை. தட்டு வெளியாகும் நாள் வரைக்கும் ஒரு பாட்டும் வெளியே யார் காதிலும் விழுந்திருக்கக் கூடாது. ஜெஸ்லின் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முன்னால் உள்ளூரில் எத்தனையோ பேரிடம் வேறு பாட்டுகளைப் பாடிக் காட்டியிருக்கிறாள். கல்யாண மண்டபக்காரர் நாலு வரியில் கையைக் காட்டி நிறுத்தினார். கோயில் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றி, பிறகு வரிசையே வேண்டாம் என்றார்கள். பாட்டாக உட்கார்ந்து கேட்க முதன்முதலாக ஆள் கிடைத்திருந்தது, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம்.

இனி நான் செய்தது. என் குரல் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று பதினோரு நாள் அவளை நச்சரித்து ஒரு பென் டிரைவ் வாங்கினேன். ஹெட்போன் மாட்டித்தான் கேட்க வேண்டும், யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்றாள். மாதா மேல் சத்தியம் செய்தேன். எந்த மாதா என்று அவள் கேட்கவில்லை.

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தன் குரலைத் தான் மட்டும் கேட்பது, பந்தி முழுக்க இலை போட்டுத் தான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி. மறுநாள் பந்தலுக்கு அடிக்க மயில்துத்தம் வாங்கக் கர்ணன் கடைக்குப் போனேன். அவன் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் உண்டு. பென் டிரைவைக் கொடுத்து, கேட்டுவிட்டு உடனே திருப்பிக் கொடு என்றேன்.

என் குரல் வந்தது. கர்ணன் துத்தத்தை நிறுத்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. பிறகு முதல் பாட்டு தொடங்கியது. கடைக்கு எதிரே நின்ற மரத்தில் இருந்த கிளிகள் மொத்தமும் ஒரே விரிப்பாக எழுந்து மலைப்பக்கம் போயின. அது இலை உதிர்ந்த மரம் என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கர்ணன் வெளியே வந்து மரத்தைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டு மயங்கிப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பள்ளத்தாக்கு முழுக்க மக்காச்சோளம் பால்பிடிக்கிற பருவம். பகல் முழுக்கக் கிளியும் மயிலும் இறங்கிக் கதிரை நாசம் பண்ணும். மயிலை அடித்தால் வனத்துறை வரும். பரண் கட்டி, ஆள் வைத்து, தகரத்தைத் தட்டி விரட்டுவதுதான் வழக்கம். தகரத்துக்குப் பறவைகள் பழகிப் பல வருடமாயிற்று.

பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் ஜெஸ்லின் ஷிப்ட் முடிந்து போடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். தேவாரம் தாண்டியதும் ஒரு சோளத் தோட்டத்திலிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது. இரண்டாம் பாட்டு. கொஞ்சம் தள்ளி எதிர்த் தோட்டத்தில் நாலாம் பாட்டு. அடுத்த வளைவில் ஆறாம் பாட்டு. ஒரு பக்கம் நாற்பது மாடு செத்துவிட்டதென்று அவள் அழுதுகொண்டிருக்க, இன்னொரு பக்கம் அதே மாடுகளை அவளே மலை ஏற்றிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திக் காவல்காரர் ஒருவரிடம் இது என்ன என்று கேட்டிருக்கிறாள். அவர் ஸ்பீக்கரிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் காட்டினார். அதன் மேல் மயில் படம் ஒட்டி, 'மயில் விரட்டி, நூறு சதவீதம் பலன்' என்று அச்சடித்திருந்தது. எங்கே வாங்கியது என்றும் சொன்னார்.

நேராக மோட்டார் ரூமுக்கு வந்தாள். ஜெஸ்லின் பாட்டில்தான் கத்துவாள். கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அன்றைக்கு இறங்கிய இறக்கத்தில் அவள் உதட்டைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

"பெரியப்பா, யாருக்குக் குடுத்தீக?"

எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். திராட்சைத் தோட்டத்து எலிகள் இப்போதெல்லாம் எலக்ட்ரானிக் சாமான்தான் எடுக்கின்றன என்று விளக்கமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதே கேள்வியை அதே இறக்கத்தில் திரும்பக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன்.

"ஒங்க கொரலக் காட்டணும்னு, ஏம் பாட்டக் கொண்டுபோயிப் பூச்சிமருந்துக் கடையில வச்சிட்டு வந்திருக்கீக," என்றாள். "மூணு வருசம் பெரியப்பா. இனிமே என்னைய எவனாச்சும் பாட்டுக்காரின்னு சொல்லுவானா?"

வா, அவன் கடைக்குப் போவோம் என்று மட்டும் சொன்னேன். அஜய்குமாருக்கும் போன் போட்டு வரச்சொன்னோம்.

கர்ணன் கடையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளாமைச் சம்சாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் உரப் பாக்கெட்டுகளுக்கு நடுவே மயில் படம் போட்ட கார்டுகள் சரம் சரமாகத் தொங்கின. ஜெஸ்லின் தன்னை யாரென்று சொல்லி, எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாள், விற்றதையும் திரும்ப வாங்கச் சொன்னாள். கர்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான்.

"ஏத்தா, ஒரு சத்தத்துக்கா இம்புட்டுக் கோவம்? பட்டாசு செஞ்சவன் வந்து ஏன் வெடிச்சேன்னு கேக்கானா?"

அது பாட்டு என்றாள். பாட்டாக இருந்தால் பறவை ஏன் ஓடுகிறது என்று கர்ணன் கேட்டான். நின்றவர்கள் சிரித்தார்கள். அறுவடைக்கு இருபது நாள் இருக்கும்போது கார்டைத் திருப்பித் தரச் சொல்கிறாயே, கதிரை நீயா வந்து காப்பாய் என்று ஒருவர் கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, அதனால் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

"நல்லவேள வந்த," என்றான் கர்ணன். "மயிலுக்கு இது பழகிப்போச்சு. அடுத்த வாட்டி இன்னுங் கொஞ்சம் கூட்டிக் கத்துத்தா."

அந்தச் சமயத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன். முன்னால் வருகிற என் பேச்சையாவது கேட்டாயா, அது கதை என்று தெரியவில்லையா என்று கேட்டேன்.

"அத வெட்டிட்டேன் பெரியவரே. அதக் கேட்டா கிளி வந்து பக்கத்துல ஒக்காருது."

நான் ரோட்டில் இறங்கிச் செருப்பைக் கழற்றியது அப்போதுதான். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் காலை ஊதிக்கொண்டிருக்கும்போது அஜய்குமார் வந்து சேர்ந்தான். எவனோ ஒருவன் தோட்டத்தில் மயில் ஓடுவதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டு, மூன்று லட்சம் பேர் பார்த்து, அது கிரேக்கம் வரைக்கும் போயிருக்கிறது. ஒப்பந்தம் ரத்து என்று கம்பெனிக்காரர்கள் மெயில் அனுப்பியிருந்தார்கள். ஜெஸ்லின் போனை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். அலமாரியில் தொங்கிய ஒரு சரத்தைப் பிடித்து இழுத்தாள். கார்டுகள் தரையெல்லாம் சிதறின.

அந்தச் சமயத்தில் ஒரு பெண்பிள்ளை தலையில் முக்காடும் கையில் ஸ்பீக்கருமாகக் கடைக்குள் வந்தாள். ஜோதிலட்சுமி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடைக்குப் பின்னாலேயே இருக்கிற கர்ணனின் சோளத் தோட்டத்துக்குப் பரண் காவல் அவள்தான். அவனுக்குப் பெரியப்பா மகளும்கூட. சிதறிக் கிடந்ததையெல்லாம் அவள் கவனிக்கவேயில்லை. அவளுக்கும் ஒரு கோபம் இருந்தது, அதோடு வந்திருந்தாள்.

"கர்ணா, ஒரு வாரமாக் கேக்கேன். மிச்சப் பாட்ட எங்க வச்சிருக்க?"

மிச்சம் ஏது, அம்புட்டுத்தான் அக்கா என்றான் கர்ணன்.

"பொய் சொல்லாத. ஏழாவதுல கொழுந்தன மலை உச்சியில பிடிக்கா. பிடிச்சு, போன்னு விட்டுர்றா. அங்கனயே நின்னுபோகுது. அதுக்கு மேல ஒரு பாட்டு இருக்கணும். அத நீ வெட்டிட்ட."

ஜெஸ்லின் திரும்பினாள். தினமும் பன்னிரண்டு மணி நேரம், பதினைந்து நாள், தலைக்கு மேல் கட்டிய ஸ்பீக்கரில் ஆல்பத்தை இந்தப் பெண்பிள்ளை கேட்டிருக்கிறாள். கணக்குப் பார்த்தால் பாடியவளைவிட அதிகம்.

"எதையும் வெட்டல. ஏழுதான்," என்றாள் ஜெஸ்லின். "அவ மன்னிச்சு விட்டுட்டா. அதான் முடிவு."

"நீ யாரு?"

"பாடுனவ."

ஜோதிலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"மன்னிக்க அவ யாரு? நாலாவது பாட்டுல நாப்பது மாடு செத்துச்சே, அதுககிட்டக் கேட்டாளா?"

ஜெஸ்லினுக்கும் கோபம் ஏறிவிட்டது. ராக்கம்மாள் பெரிய மனசுக்காரி, காவியத்தில் அப்படித்தான் முடியும், ஜெயித்தவள் விட்டுக்கொடுப்பதுதான் உயரம் என்று வரிசையாகச் சொன்னாள். கிரேக்கத்துக்காரனும் அந்த இடத்தைத்தான் புகழ்ந்தான் என்றாள். அந்த முடிவு நான் சொன்னது. கதை சொல்லிக்கொண்டிருந்த அன்று திடீரென்று மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்ச ஓட வேண்டியிருந்ததால், அவனை மன்னித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பெருந்தன்மை எல்லாம் இவர்கள் பிறகு சேர்த்துக்கொண்டது.

"பெரிய மனசா," என்றாள் ஜோதிலட்சுமி. அவள் குரலும் இறங்குகிற சாதிதான். "நானும் ஒருத்தன விட்டேன். வருசத்துக்கு ஒரு சாண் எங்க வரப்ப வெட்டுனாக. சொந்தந்தானன்னு விட்டேன். பதினெட்டு வருசம். இன்னைக்கு வரப்பும் இல்ல, நெல்லிமரத்துப் புஞ்சையும் இல்ல. அதே எடத்துலதான் பரணு போட்டு அவுகளுக்குக் காவலிருக்கேன்."

பெயர் ஒன்றும் சொல்லவில்லை. கர்ணன் மட்டும் எதையோ தேடிக் கடைக்கு உள்ளே போனான். நெடுநேரம் அது கிடைக்கவில்லை.

ஜெஸ்லின் கீழே கிடந்த கார்டு ஒன்றை எடுத்தாள். பிறகு ஜோதிலட்சுமியிடம், அப்படியானால் அவனைக் கொல்லணுமா என்று கேட்டாள்.

"கொன்னா ஒரு நிமிசத்துல முடிஞ்சுபோகும்," என்றாள் அவள். "செத்த மாட்டுப் பேர ஒண்ணொண்ணாச் சொல்லணும். நாப்பதையும் அவன் நின்னு கேக்கணும். எங்கிட்டும் போகவிடக் கூடாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு மோட்டார் ரூமில் கூடினோம். ஜோதிலட்சுமியும் வந்து துத்தக் கேன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பேரெல்லாம் அவள் தந்தது. செவலை, காரி, மயிலை, சுட்டி, ஒத்தக்கொம்பி, மழைக்குப் பொறந்தவ என்று நாற்பது. ஜெஸ்லின் பாடி முடிக்கும்போதெல்லாம் அவள் தலையை ஆட்டுவாள். இன்னும் மன்னிக்கிறாய், குரலில் தெரிகிறது என்பாள். ஒன்பது தடவை அப்படி. பத்தாவது தடவை ஜெஸ்லின் பாடியபோது விஜய்பாண்டி டிரம்ஸ் அடிப்பதை நிறுத்திவிட்டான். கிடாரும் நின்றுபோனது. கிணற்றுத் தண்ணீர் ஏறவில்லை. நான் எட்டிப் பார்த்தேன், ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. அவள் குரல் மட்டும் பேர் பேராகப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்றாவதாக, 'நெல்லிமரத்துப் புஞ்சை' என்று பாடினாள். அது எந்த மாட்டின் பேரும் இல்லை. ஜோதிலட்சுமி எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவினாள். அதையே வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆல்பத்தை எட்டுப் பாட்டோடு அவர்களே இணையத்தில் வெளியிட்டார்கள். கிரேக்கத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்றான் அஜய்குமார். வேண்டாம் என்றாள் ஜெஸ்லின். அன்றைக்கும் கோபம் குறைந்திருக்கவில்லை. என்னோடு அவள் பேசியது, டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே வாக்கியம்தான்.

அன்று காலை பத்து மணிக்கு ஜோதிலட்சுமி பரணில் ஏறி ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினாள். சோளத்தைப் பார்த்து இருந்தது இப்போது ரோட்டையும் கர்ணன் கடையையும் பார்த்து நின்றது. எட்டாவது பாட்டைப் போட்டாள். கிளிகள் நிதானமாகத் தோட்டத்தில் இறங்கின. என் கணக்குக்கு எண்ணூறு இருக்கும். கடை வாசலில் நின்ற சம்சாரிகள் முதலில் வழக்கமான சத்தம்தானே என்று இருந்தார்கள். மாட்டுப் பேர் வர ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாடு வைத்தவனுக்கு மாட்டுப் பேர் காதில் விழாமல் இருக்காது. கோம்பை பஸ்ஸை டிரைவர் ஓரம் கட்டினார். ஜெஸ்லின் ரோட்டோரத்தில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, தன் பாட்டைப் பிறத்தியார் நின்று கேட்பதை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் ஓடி வந்தான். கதிரெல்லாம் போகிறது, ஸ்பீக்கரைத் திருப்புங்கள் அக்கா என்று பரணுக்குக் கீழே நின்று கத்தினான். அவள் குனிந்து பார்த்தாள். பேர் இருபத்தாறு ஆகியிருந்தது.

"அங்கனயே நில்லு," என்றாள். "பாட்டு முடியட்டும்."